குழைத்தல்

இத்தாலிய மொழியில் 'இம்பாஸ்தோ' என்றொரு சொல் இருக்கிறது. பிசைந்து வைத்த மாவு இம்பாஸ்தோ. கொத்தனார் கலந்து வைத்த சாந்தும் இம்பாஸ்தோ. ஓவியர் திட்டுத்திட்டாக அப்புகிற வண்ணமும் இம்பாஸ்தோதான். சமையற்கட்டுக்கும் சுவருக்கும் ஓவியக்கூடத்துக்கும் ஒரே சொல் எப்படிப் போதுகிறது என்று இத்தாலிக்குப் போகும்வரை நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் நம்மிடம் 'குழைத்தல்' இருக்கிறது. சந்தனம் குழைக்கிறோம், சாந்து குழைக்கிறோம், வண்ணம் குழைக்கிறோம். அடுப்பைக் கொஞ்சம் மறந்தால் சோறு தானாகவே குழைந்துவிடுகிறது.

இத்தாலியில் எனக்கு வாய்த்த விடுமுறை பன்னிரண்டு நாள். பார்க்க வேண்டிய இடங்களில் பாதியை அடித்துவிட்டு, மிச்ச நாளைக் கற்றுக்கொள்ள ஒதுக்கினேன். பொலோன்யாவில் ஒரு நாள் பாஸ்தா வகுப்பு. புளோரன்ஸில் மூன்று நாள் பழைய முறை ஓவிய வகுப்பு. மாலைகளில் கொஞ்சம் மொழி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்படி வகுப்பு எடுப்பது இப்போது இத்தாலி முழுக்க நடக்கிறது. சமைக்கவும் வரையவும் கற்கலாம் என்றுதான் போனேன். ஒரு முட்டையும் ஒரு பிடி சுண்ணாம்பும் இவ்வளவு பேசும் என்று எதிர்பார்க்கவில்லை.

பொலோன்யாவில் சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். மாவு தேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களை அந்த ஊரில் 'ஸ்ஃபோலீனா' என்கிறார்கள். அவர்கள் தேய்த்து எடுக்கும் மெல்லிய மாவுத் தாளுக்கு 'ஸ்ஃபோலியா' என்று பெயர். அம்மாள் மரப்பலகையில் மாவைக் குவித்தார், நடுவில் குழி பறித்தார், முட்டையை உடைத்து ஊற்றினார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. அந்த ஊரின் கணக்கு அவ்வளவுதான். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தண்ணீர் இல்லாமல் மாவு எப்படிச் சேரும் என்று எனக்குக் குழப்பம். ஆனால் ஓடு நீக்கிய முட்டையின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். முட்டையை ஊற்றுவது என்றால், புரதமும் கொழுப்பும் கலந்த தண்ணீரை அளந்து ஊற்றுவது.

பத்து நிமிடம் பிசைந்தேன். மாவு முரண்டு பிடித்தது. இழுத்தால் கிழிந்தது, அழுத்தினால் எழும்பி வந்தது. அம்மாள் என் கையிலிருந்து உருண்டையை வாங்கி, மூடி, ஓர் ஓரமாக வைத்துவிட்டார். அரை மணி நேரம் தொடக்கூடாது. பிறகு எடுத்துத் தொட்டபோது அது வேறு பொருளாக இருந்தது. காது மடலைப் போல மெத்தென்று, சொன்ன பக்கமெல்லாம் நீண்டது.

அந்த அரை மணியில் நடந்தது இதுதான். கோதுமை மாவில் இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. குளூட்டெனின் ரப்பர் மாதிரி, இழுத்தால் திரும்பி வரப் பார்க்கும். கிளையடின் வழுவழுப்பானது, இழுத்த பக்கம் நீளும். உலர்ந்த மாவில் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கும். ஈரம் பட்டுக் கையும் பட்டால் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற பசைப்புரத வலையாகும். பிசையப் பிசைய அந்த வலை முறுக்கேறுகிறது. ஊறவிட்டால் ஈரம் உள்ளே வரை பரவி, முறுக்குத் தளர்ந்து, வலை அப்படியே இளகிக் கொடுக்கிறது. நம் ஊர் பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் முக்கி வரிசையாக மூடி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். வீசும்போது கிழியாமல் இருக்கிறது என்றால் அது அவர் கைத்திறமை பாதி, மாவு ஓய்வெடுத்தது பாதி.

இந்தப் பசைப்புரதத்தை உலகத்துக்குப் பிரித்துக் காட்டியவரும் பொலோன்யாக்காரர்தான் என்று பிறகு தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. யாக்கோபோ பார்த்தொலொமேயோ பெக்காரி அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தார். மாவுச்சத்து பாலாகக் கரைந்து ஓடிவிட, கையில் ஒரு பிசின் மட்டும் மிஞ்சியது. 1728-இல் ஊரின் அறிவியல் கழகத்தில் இதைப் பற்றிப் பேசினார். 1745-இல் அது அச்சாயிற்று. அந்தப் பிசின் செடிப் பொருளைப் போல நடந்துகொள்ளவில்லை, விலங்கின் உடற்பொருளைப் போல நடந்துகொண்டது என்பதுதான் அவரைத் திகைக்க வைத்தது. 'புரதம்' என்ற கருத்தே பிறக்காத காலம் அது. செடிக்குள்ளும் புரதம் இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சியை ஒருவர் வெறும் கையாலும் தண்ணீராலும் எடுத்துவிட்டார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு எலுமிச்சம்பழம் அளவு மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அமுக்கி அமுக்கிப் பிசையுங்கள். தண்ணீர் அரிசி களைந்ததுபோல வெளுக்கும். மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றினால் கடைசியில் விரலுக்கிடையில் சவ்வு மிட்டாய் போல இழுபடும் ஒன்று மிஞ்சும். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பெக்காரி தொட்டதும் அதையேதான்.

தேய்ப்பது தனி வித்தை. அவர்களுடைய உருட்டுக்கட்டை நம் பூரிக்கட்டையைப் போலக் குட்டையானது அல்ல. கை நீளத்துக்கு இருக்கும், 'மத்தரெல்லோ' என்பார்கள். மாவின் ஓரத்தைக் கட்டையில் சுற்றி, உள்ளங்கையால் வெளிப்பக்கமாக நீவி, பிரித்து, கொஞ்சம் திருப்பி, மறுபடியும் சுற்றி. ஒரு மணி நேரத்தில் உருண்டை ஒரு சின்ன மேசைவிரிப்பாகிவிட்டது. ஊருக்கு வெளியே குன்றின்மேல் சான் லூக்கா தேவாலயம் இருக்கிறது. மாவுத் தாளை ஜன்னலில் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது பொலோன்யாவின் பழைய பேச்சு. என்னுடையதில் தேவாலயம் தெரியவில்லை, என் விரல்களின் நிழல் தெரிந்தது. அம்மாள் அதையே போதும் என்று ஒப்புக்கொண்டார். இயந்திரத்தின் இரும்பு உருளையில் போட்டால் தாள் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். மரமும் மரமும் உரசித் தேய்த்ததில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும், அதில்தான் குழம்பு ஒட்டும் என்று பலகையைத் தடவிக் காட்டினார்.

அந்தத் தாளைச் சுருட்டி நாடா நாடாவாக நறுக்கினால் 'தாலியாத்தெல்லே'. அதன் அகலம் எவ்வளவு என்பதற்கு ஊரில் ஆவணமே இருக்கிறது. 1972 ஏப்ரலில் பொலோன்யா வணிகர் சபையில் தங்கத்தில் செய்த ஒரு நாடாவை மாதிரியாக ஒப்படைத்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர். ஊரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. கோபுரம் 97 மீட்டருக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் வரும். தட்டில் இருப்பதைத் தங்கள் கோபுரத்தால் அளக்கிற ஊரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வட இத்தாலி ஏன் முட்டையைப் பிடித்துக்கொண்டது? போ ஆற்றுச் சமவெளியில் விளைவது மென்கோதுமை. அதன் பசைப்புரத வலை அவ்வளவு வலுவானது அல்ல. கொதிநீரில் விழுந்ததும் முட்டையின் புரதங்கள் உறைந்து இறுகி, வலைக்கு முட்டுக்கொடுத்து நாடா கரையாமல் காக்கின்றன. தெற்கே கடினமான துரம் கோதுமை. ரவையாக உடைத்துத் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்தாலே நிற்கும். கடையில் வாங்கும் உலர் பாஸ்தா துரம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்று 1967-இல் இத்தாலி சட்டமே போட்டது.

மாலை மொழி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழியும் பண்பாடும் சொல்லிக்கொடுக்கவென்றே பெருஜியா ஊரில் 1921-இல் தொடங்கிய வகுப்புகள் இன்று ஒரு பல்கலைக்கழகமாக நிற்கின்றன. நான் போனது சின்ன இடம், ஒரே ஒரு அறை. இரட்டித்த மெய்யெழுத்து அன்றைய பாடம். 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. என் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்லித் தவித்தார்கள். பலிக்கும் பல்லிக்கும் வேறுபாடு தெரிந்து வளர்ந்த எனக்கு அது பாடமாகவே தோன்றவில்லை. நாக்கு மேலே தொட்டு ஒரு கணம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் அந்தக் காத்திருப்பைக் குழந்தையிலேயே வாயில் பழக்கிவிடுகிறது.

புளோரன்ஸில் முதல் நாள் காலை, ஓவிய ஆசிரியர் மேசைமேல் வைத்த முதல் பொருள் ஒரு முட்டை.

எண்ணெய் வண்ணம் பரவலாவதற்கு முன், ஐரோப்பிய ஓவியர்கள் மரப்பலகையில் தீட்டியது பெரும்பாலும் மஞ்சள் கருவில். வண்ணப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதோடு மஞ்சள் கருவைச் சேர்த்தால் அதுதான் 'டெம்பரா'. புளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் கூட்டம் முண்டியடித்துப் பார்க்கும் போட்டிசெல்லியின் 'வசந்தம்' தீட்டப்பட்டது இப்படித்தான். ஆசிரியர் வெள்ளைக்கருவை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டினார். ஒவ்வொரு முறையும் காலியான கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஐந்தாறு முறை உருட்டியதும் அதன் தோல் உலர்ந்து, விரலால் கிள்ளித் தூக்கும்படி ஆகிவிட்டது. தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் குத்த, மஞ்சள் மட்டும் கிண்ணத்தில் ஒழுகியது. தோல் அவர் விரல் நுனியில் ஒரு சின்னப் பையாகத் தொங்கியது. நானும் செய்தேன். மூன்று முட்டை வீணான பிறகு நான்காவது வசப்பட்டது.

மஞ்சள் கருவில் பாதிக்குச் சற்றுக் குறைவோ கூடவோ தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பும் புரதமும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது விதி. ஆனால் மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வண்ணம் தண்ணீரில் கரைந்து தூரிகையில் ஓடுகிறது, காய்ந்தபின் தண்ணீருக்கு அசைய மறுக்கிறது. மஞ்சள் கரு காய்ந்துபோன தட்டைத் தேய்த்துக் கழுவிய எவருக்கும் இதன் பலம் தெரியும். அந்தப் பிடிவாதம்தான் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளாக வண்ணத்தைப் பலகையில் பிடித்து வைத்திருக்கிறது.

படம் மஞ்சளடித்துப் போகாதா என்று கேட்டேன். போகாது. கருவின் மஞ்சள் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் வருவது. வெளிச்சம் பட்டால் அவை வெளுத்துவிடும். ஆனாலும் அந்தக் காலத்து ஓவியர்கள் கருவின் நிறத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 1400-ஐ ஒட்டிச் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தொழில் நுட்பங்களை எழுதிவைத்த கையேட்டில், இளையவர் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிர் கருவையும், முதியவர்களின் கறுத்த முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவையும் எடுக்கச் சொல்கிறார். கோழி என்ன தின்றது என்பது வரைக்கும் யோசித்திருக்கிறார்கள்.

டெம்பராவில் வண்ணத்தைப் பலகைமேல் குழைக்க முடியாது. ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் மயிரிழைக் கோடுகளை அடுத்தடுத்து இழுத்துத்தான் கன்னத்தின் வளைவைக் கொண்டுவர வேண்டும். முகத்துக்கு அடியில் முதலில் பச்சை மண்ணைப் பூசச் சொன்னார்கள். அதன்மேல் மெல்லிய இளஞ்சிவப்பு ஏறினால் தோலுக்கு உயிர் வருகிறது. பழைய தேவாலயப் படங்களில் சில புனிதர்களின் முகம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நூற்றாண்டுகளில் மேலே இருந்த சிவப்பு தேய்ந்து அடியில் இருந்தது எட்டிப் பார்க்கிறது.

இரண்டாம் நாள் சுண்ணாம்பு. இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதற்குள் இருந்த கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி, வெண்ணெய் போன்ற சாந்தாகும். அந்தச் சாந்தை எவ்வளவு காலம் ஊறவிடுகிறோமோ அவ்வளவு நயம்; படிகங்கள் நுணுகி, கரண்டிக்கு வழுக்கிக்கொண்டு வரும். மூன்று ஆண்டுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பைப் பயன்படுத்தக்கூடாது என்று பழைய ரோமக் கட்டட விதிகள் சொன்னதாக 1-ஆம் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளின் பளிங்கு போன்ற சுவரைத் தடவிப் பார்த்தவர்கள், அங்கே ஊறவைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் ஒன்றாகச் சேர்ந்த கதையையும் கேட்டிருப்பார்கள்.

இந்தச் சாந்தில் மணல் கலந்து சுவரில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் மட்டும் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால் அதுதான் 'ஃபிரெஸ்கோ'. புதியது, ஈரம் காயாதது என்று பொருள். பசை கிடையாது, முட்டை கிடையாது. பின்னே வண்ணத்தை எது பிடித்துக்கொள்கிறது? காற்று. ஈரச் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. மலையில் கல்லாக இருந்தது, சூளையில் கல்தன்மையை இழந்து, சுவரில் திரும்பவும் கல்லாகிறது. கல்லாகும்போது மேற்பரப்பில் படரும் நுண்படிகங்களுக்குள் வண்ணப்பொடி சிக்கிக்கொள்கிறது. அதன்பிறகு வண்ணம் சுவரின்மேல் இருப்பதில்லை, சுவராகவே இருக்கிறது.

ஆனால் அதற்குச் சில மணி நேரம்தான் வாய்ப்பு. பூசியவுடன் தொட்டால் சாந்து குழம்பிவிடும். தாமதித்தால் மேலே ஓடு கட்டிவிடும், வண்ணம் ஒட்டாது. இடையில் ஒரு நேரம் வருகிறது: தூரிகையை வைத்ததும் சுவர் தாகமெடுத்தாற்போல வண்ணத்தைக் குடிக்கும். அந்த உணர்வை விரல்தான் அறிகிறது. நான் அந்த மாற்றத்தைக் கையில் உணர்ந்த நொடியில் பொலோன்யா மாவுதான் நினைவுக்கு வந்தது. ஊறி முடித்த மாவைத் தொட்டபோது விரல் கண்டுபிடித்த அதே 'இப்போது'.

அதனால்தான் ஓவியர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார். அந்தத் துண்டுக்கு 'ஜோர்னாத்தா' என்று பெயர், ஒரு நாள் வேலை. பக்கவாட்டில் விளக்குப் பிடித்தால் துண்டுகளின் விளிம்பு தெரியும். ஆய்வாளர்கள் அவற்றை எண்ணி எந்த முகம் எந்த நாளில் வந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். 1508 முதல் 1512 வரை மைக்கேலேஞ்சலோ தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயக் கூரையும் இப்படி நாள் நாளாகச் சேர்ந்ததுதான். தொடக்கத்தில் சாந்தில் ஈரம் அதிகமாகிப் பூசணம் பூத்து, அவர் வேலையை விட்டுவிடவே பார்த்தார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கால்லோ வந்து காரணத்தைச் சொல்லித் தேற்றியிருக்கிறார். மாவில் தண்ணீர் கூடிப்போனால் வரும் கலக்கத்தை மைக்கேலேஞ்சலோவும் பட்டிருக்கிறார்.

எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. மண்ணிலிருந்து வரும் காவிகள் தாங்கும். சியெனா ஊர்ப் பக்கத்து மஞ்சள் மண்ணை ஆசிரியர் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினார். நீர் ஏறிய இரும்புத் தாது நீரை இழக்க இழக்க, மஞ்சள் எங்கள் கண்முன் செங்காவியாகச் சிவந்தது. வெந்தயம் வறுபடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது. அசுரைட் என்ற நீலக் கல் இந்தக் காரத்தோடு ஒத்துப்போகாது. சுவர் காய்ந்தபின் பசை சேர்த்துத்தான் பூச முடியும். படுவா நகரத்தில் 1305-ஐ ஒட்டி ஜொட்டோ தீட்டிய ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் முகங்கள் உறுதியாக நிற்க, நீல ஆடைகள் சில இடங்களில் உதிர்ந்திருப்பது இதனால்தான்.

இது இத்தாலிக்கு மட்டும் தெரிந்த வித்தையும் அல்ல. தஞ்சைப் பெரிய கோவிலில் கருவறையைச் சுற்றிய உள் நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவற்றைச் சோதித்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியவை என்று முடிவுக்கு வந்தார். வாடகை அறையில் இரவு அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த இருட்டு நடையிலும் யாரோ ஒருவர் விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்து, 'இப்போது' என்று தூரிகையை எடுத்திருக்க வேண்டும்.

மிலான் போய் லியொனார்டோவின் 'இறுதி இராவுணவு' பார்க்க வாய்த்தது. உள்ளே 15 நிமிடம்தான் விடுகிறார்கள். அது ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடம். துறவிகள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையின் சுவரில் ஒரு சாப்பாட்டு மேசை. லியொனார்டோ அவசரப்படாதவர். ஒரு நாள் முழுக்கத் தீட்டுவார், பிறகு நாட்கணக்கில் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். சுண்ணாம்பு அவருக்காகக் காத்திருக்காது. எனவே அவர் ஈரச் சுவரை விட்டுவிட்டு, 1490-களில் காய்ந்த சுவரின்மேல் வேறு பூச்சுக் கொடுத்து, பலகையில் தீட்டுவதுபோலத் தீட்டினார். முகங்களில் வந்திருக்கும் நுணுக்கம் அதனால் கிடைத்தது. அதே காரணத்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிரத் தொடங்கியது. 1999-இல் முடிந்த கடைசிச் சீரமைப்புக்கு மட்டும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூதாஸ் பின்வாங்கும் அந்த ஒரு அசைவைக் கண்டுபிடிக்க அவருக்கு நாட்கள் தேவைப்பட்டிருக்கின்றன. சுவர் மணிநேரம்தான் தந்தது.

புளோரன்ஸ் வகுப்பின் மூன்றாம் நாள் முடிவில் ஆளுக்கொரு ஓடு தந்து அனுப்பினார்கள். உள்ளங்கை அகலச் சுட்ட ஓடு, மேலே அரை விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு, அதில் நான் தீட்டிய ஒரு மாதுளை. பிளாஸ்டிக்கில் சுற்றிவிடாதே, அது மூச்சு விட வேண்டும் என்றார் ஆசிரியர். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தொட்டால் இன்னும் சில்லென்றிருந்தது. ஈரத்தில் கறுத்துத் தெரிந்த செங்காவி, வீடு வந்து சேர்ந்த இரண்டு வாரத்தில் வெளிறி, நான் நினைத்த நிறத்தையும் தாண்டி மென்மையாகிவிட்டது.

இப்போது அது சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்தோல்தான் கல்லாகியிருக்கிறது, உள்ளே முழுவதும் கல்லாக மாதங்கள் ஆகும். கால்சியம் ஹைட்ராக்சைடின் ஒவ்வொரு 74 கிராமும் காற்றிலிருந்து 44 கிராம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டு, 100 கிராம் கல்லாகிறது. எடுத்துக்கொள்ளும் வாயு இந்த அறையின் வாயு. காலையில் தோசைக்கு எரிந்த அடுப்பு விட்டது, மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பேசும் மகள் விட்டது, மாவு பிசையும்போது நான் விட்டது. அந்த மாதுளையின் சிவப்பை எங்கள் வீட்டு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது.